வீட்டுத் தோட்டம்: கறிவேப்பிலை மஞ்சளிப்பது ஏன்?

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தால் அவற்றில் ஓர் ஒழுங்கு தெரியும். சித்திரையிலும் வைகாசியிலும் துளசி கருகுகிறதே என்று எழுதுவார்கள். ஆடி, ஆவணியில் பூச்சிகளைப் பற்றி எழுதுவார்கள். கார்த்திகை பிறந்துவிட்டாலோ தை முடியும்வரை பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கறிவேப்பிலைச் செடி மஞ்சளித்துக் கொட்டுகிறது, என்ன செய்யலாம்?"

கறிவேப்பிலை தில்லியில் கிடைக்காத பொருளன்று. ஐ.என்.ஏ. சந்தையிலும் கரோல் பாகிலும் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். இவ்வூர்ச் செடிக்காரரிடம் 'மீட்டா நீம்' என்று கேட்டால் கன்றும் கொடுப்பார். ஆயினும், கடுகு வெடிக்கத் தொடங்கிய பின் பால்கனிக் கதவைத் திறந்து, கையை நீட்டி, ஓர் இணுக்குப் பறித்து வந்து போடுகிற நிறைவு சந்தைக் கட்டில் வாராது. ஆகவேதான் வேறு செடி எதுவும் வளர்த்தறியாத குடும்பங்களும் ஒரு தொட்டி கறிவேப்பிலை வைத்துக்கொள்ள விரும்புகின்றன. முதல் முதலாக வளர்ப்பவர்கள் முதல் முதலாகக் கலங்குவதும் இச்செடியைக் கொண்டுதான்.

சென்ற கார்த்திகையில் மயூர் விஹாரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்த குடும்பத்து வீட்டை ஆவணியில் விற்றுவிட்டார்களாம். தனியாக இருந்த மாமியார் மகனோடு இருக்க இங்கேயே வந்துவிட்டாராம். வரும்போது அவர் கொண்டுவந்தவை இரண்டு பெட்டிகளும், ஓர் எண்ணெய் டின்னில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும். கிணற்றடியில் இருந்த பழைய மரத்தின் வேரிலிருந்து கிளைத்த பக்கக் கன்று அது. இரண்டு இரவு ரயிலில் காலடியிலேயே வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். "அத்தை காலையும் மாலையும் தம் கையாலேயே நீர் வார்க்கிறார்கள். ஆனாலும் இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. எந்த உரம் போடலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று கடிதம் முடிந்திருந்தது.

'உரம்' என்ற சொல்லைக் கண்டதும் நமக்குக் கவலை உண்டாயிற்று. காரணம் நம் சொந்த அனுபவம். இந்நகருக்கு வந்த முதல் ஆண்டில் நாமும் இவ்வாறே ஒரு கன்று வைத்தோம். நாள் தவறாமல் நீர் வார்த்தோம். இலை மஞ்சளித்தது; தாகம் போலும் என்று இன்னும் கொஞ்சம் வார்த்தோம். மேலும் மஞ்சளித்தது, பசி போலும் என்று ஒரு பிடி யூரியா போட்டோம். பத்தே நாளில் குச்சிதான் மிஞ்சியது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் இருந்த மண் சேறாக நாறியது. வேர்கள் பழுப்பேறி, தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தன. அச்செடி தாகத்தால் சாகவில்லை, பசியாலும் சாகவில்லை. நாம்தான் அதை மூழ்கடித்தோம். அத்தவறு இன்னொரு வீட்டில் நிகழ வேண்டாம் என்று கருதி, விடை எழுதுவதற்குப் பதிலாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே சென்றோம்.

மஞ்சள் ஒரு நோயன்று

போன இடத்தில் கண்டதைச் சொல்லுமுன் பொதுவாக ஒன்று கூற வேண்டும். இலை மஞ்சளிப்பது மனிதருக்குக் காய்ச்சல் வருவதைப் போன்றது. காய்ச்சல் என்ற ஒன்றைக் கொண்டு மருத்துவர் மருந்து எழுதுவதில்லை. நாவைப் பார்க்கிறார், நாடியைப் பார்க்கிறார், எப்போது வந்தது என்று கேட்கிறார். அதுபோலவே மஞ்சள் இலையைக் கண்டதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த இலை மஞ்சளித்தது: அடியிலுள்ள முதிர்ந்த இலையா, நுனியிலுள்ள இளந்தளிரா? இலையில் எந்தப் பகுதி மஞ்சளித்தது: முழுவதுமா, நரம்புகள் நீங்கலாகவா, ஓரம் மட்டுமா? மண் எவ்வாறு இருக்கிறது: ஈரமா, உலர்ந்ததா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்குமுன் நீர்க்குவளையையும் தொடலாகாது, உரப்பொட்டலத்தையும் தொடலாகாது.

நான்காம் மாடிப் பால்கனி

நான்காம் மாடியில் தெற்குப் பார்த்த பால்கனி. நல்ல வெயில் விழும் இடம். செடி ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம் இருந்தது. அதை வைத்திருந்த தொட்டியோ வாய் அகலம் 18 அங்குலம் உள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி. "செடி தாராளமாக வளரட்டும் என்று பெரியதாகவே வாங்கினோம்" என்றார் சகோதரி. அடியில் ஒரு தட்டு; தட்டு நிறையத் தண்ணீர்.

முதற் கேள்வி: எந்த இலை? அடியிலுள்ள இணுக்குகள் அனைத்தும் மஞ்சளாகித் துவண்டு தொங்கின. தொட்டால் மொறுமொறுவென்று இல்லை, மெத்தென்று இருந்தன. தாகத்தால் வாடிய இலை காகிதம்போல் உலர்ந்திருக்கும், இது அவ்வாறில்லை. இரண்டாவது கேள்வி: இலையின் எந்தப் பகுதி? கீழ் இலைகளில் மஞ்சள் முழுமையாகப் பரவியிருந்தது. ஆனால் நுனியில், ஐப்பசியில் விட்டதாகச் சொன்ன இளம் இலைகளிலோ நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி வெளுத்திருந்தது. ஆகவே இங்கே இருப்பது ஒரு குறை அன்று, இரண்டு என்று தெரிந்தது. மூன்றாவது கேள்விக்கு ஆட்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செலுத்தினோம். மேல்மண் வெளுத்து உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே சில்லென்று ஈரம்; விரலில் களிமண் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டை நகர்த்தித் தொட்டியைத் தூக்க முயன்றோம், எளிதில் அசையவில்லை. தொட்டியின் அடியில் துளைகள் இருந்தன. ஆனால் களிமண் அவற்றை அடைத்திருந்தது.

அம்மையார் நாற்காலியில் அமர்ந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. நாம் தட்டிலிருந்த நீரைக் கொட்டியதும் கேட்டார்:

"தண்ணீர் ஊற்றினால்கூடவா செடி கெடும், தம்பி? ஊரிலே கிணற்றடித் தண்ணீர் அத்தனையும் இதனுடைய தாய்மரம்தானே குடித்தது? குளிக்கிற தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற தண்ணீர், எல்லாம் அதற்குத்தானே போயிற்று?"

கேள்வி நியாயமானது. தோட்டக்கலை கற்றவர்களும் விடை சொல்லத் தயங்கும் கேள்வி. "அம்மா, அங்கே அந்தத் தண்ணீரை மரம் குடிக்கவில்லை, பூமி குடித்தது. மரம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. இங்கே பூமி இல்லை, ஒரு வாளிதான் இருக்கிறது" என்றோம்.

முதல் முதலாகத் தொட்டியில் செடி வைப்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பாதித் தொல்லை தீரும். நிலத்தில் வார்க்கும் நீர் கீழே இறங்கிப் பரவிப் போய்விடும். அது விட்டுச் சென்ற இடைவெளியில் காற்று புகும். வேர் நீரைக் குடிப்பதோடு மூச்சும் விடுகிறது. மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் உள்ள காற்றே அதற்கு உயிர். தொட்டியில் நீர் போக வழியில்லாதபோது அவ்விடைவெளிகள் நீரால் நிறைந்துவிடுகின்றன. மூச்சுத் திணறிய வேர் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேர் நீரை எடுக்காது. ஆகவே சுற்றிலும் நீர் நிற்க, மேலே இலை வாடுகிறது. வாடுகிற இலையைக் கண்டு நாம் மீண்டும் நீர் வார்க்கிறோம். அன்பே செடிக்கு வினையாகிவிடும் இடம் இதுதான்.

குளிர்காலம் இத்தவறைப் பன்மடங்காக்கும். தில்லியில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. பனிமூட்டத்தால் பல நாள் பகலிலும் வெயில் இராது. வெப்பநிலை 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கறிவேப்பிலையின் குருத்து உறங்கிவிடும். உறங்குகிற செடி நீரை மிகக் குறைவாகவே எடுக்கும். மண்ணும் எளிதில் உலராது. வைகாசியில் ஒரே நாளில் உலர்ந்துவிடும் தொட்டி, தையில் பத்து நாளானாலும் ஈரமாகவே இருக்கலாம். கும்பகோணத்துச் செடிக்கு இந்த உறக்கம் பழக்கமில்லை. கும்பகோணத்துக் கைக்கும் பழக்கமில்லை.

செய்த சிகிச்சை

தொட்டி மாற்றுவதற்கு ஏற்ற காலம் மாசிக் கடைசியும் பங்குனியுமே. குளிரில் வேரைத் தொடுவது பொதுவாக ஆகாது. ஆனால் வேர் அழுகுவது உறுதியாகத் தெரிந்தபின் காலம் பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது. ஆகவே அன்றைக்கே நண்பகல் வெயிலில் செடியை எடுத்தோம். வேர்க்கட்டியின் கீழ்ப்பாதி கறுத்து நாற்றமடித்தது. மேற்பாதியில் வெளிறிய, உறுதியான வேர்கள் இருந்தன. கொதிநீரில் கழுவிய கத்தரியால் அழுகியவற்றை நறுக்கி நீக்கினோம். வேர் குறைந்துவிட்டதால் அது தாங்கக்கூடிய அளவுக்கு மேற்கிளையையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டினோம்.

பின்னர் 8 அங்குல மண்தொட்டி ஒன்றில் வைத்தோம். சிறு செடிக்குப் பெருந்தொட்டி நன்மையன்று; வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கிக் கிடக்கும். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும்; பிளாஸ்டிக்கில் அது நடவாது. கலவை: தோட்டமண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்கு மக்கிய சாணி எரு 1 பங்கு. இங்குள்ள கொத்தனார்கள் பதர்ப்பூர் என்று சொல்லும் பருமணல் இதற்கு ஏற்றது. பூச்சு வேலைக்கான நைஸ் மணல் கூடாது. அடித்துளையின் மேல் வளைந்த ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். ஒரு முறை நீர் வார்த்து, அது அடியில் ஒழுகுவதைக் கண்ணால் பார்த்து, செடியைத் தெற்குச் சுவரை ஒட்டி வைத்தோம். உரம் எதுவும் போடவில்லை. நோயுற்ற வேருக்கு உரம் இடுவது, அசீரணம் கண்டவருக்கு விருந்து படைப்பதற்கு ஒப்பாகும்.

பச்சை நரம்பும் வெளுத்த இலையும்

இனி இரண்டாவது குறை. இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து மற்றப் பகுதி வெளுப்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இரும்பு, செடிக்குள் ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்கு எளிதில் இடம்பெயராத சத்து. ஆகவே பற்றாக்குறை புதுத்தளிரில்தான் முதலில் தோன்றும். தழைச்சத்து அவ்வாறன்று, குறைந்தால் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும், ஆகவே அதன் பற்றாக்குறை அடியிலுள்ள இலையில் முதலில் தெரியும். மேலா கீழா என்று நாம் முதலிலேயே கேட்டது இதற்காகத்தான்.

மண்ணில் இரும்பே இல்லை என்பதன்று இதன் பொருள். சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண்ணில் இரும்பு கரையாமல் அடைபட்டுக் கிடக்கும். ஈரம் தேங்கிய குளிர்ந்த மண்ணில் வேரால் அதை எடுக்கவும் இயலாது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை வகைக்குச் சுண்ணாம்பு நிலம் ஒவ்வாதென்பதைத் தோட்டக்காரர் அறிவர். இக்குடும்ப உறவைச் சொல்லும்போது ஒரு செய்தி. 1768-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரரிடம் மருத்துவராக வந்த கோனிக் என்பவர் தாவர நூல் வல்லார், லின்னேயஸின் மாணவர். கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் இன்றும் அவர் பெயர் நிற்கிறது. நம் காவிரிக் கடைமடையில் வாழ்ந்த ஒருவரின் பெயரைத்தான் உலகத்துத் தாவர நூல்களெல்லாம் இச்செடிக்குச் சொல்லி வருகின்றன.

அந்தச் சுண்ணாம்பும் உப்பும் எங்கிருந்து வந்தன? அடுக்களையில் விடை கிடைத்தது. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமின்றி ஒரு வாளியில் பிடித்து, அதையே செடிக்கு ஊற்றி வந்தார்கள். நீரை வீணாக்காத நல்லெண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் அக்கருவி நாம் குடிக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்புகளெல்லாம் இக்கழிவு நீரில்தான் செறிந்திருக்கின்றன. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது போதும். தொட்டிச் செடிக்கு ஆகாது. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்குப் படர்ந்திருந்தால் இதுவே காரணமா என்று பாருங்கள். அரிசியும் பருப்பும் கழுவிய நீர் (உப்புச் சேராதது), மழைநீர் ஆகியன நல்லவை. புளித்த மோரை நன்கு நீர்த்து ஊற்றுவது நம்மவர் வழக்கம். உப்பில்லாத மோராயின் கோடையில் மாதம் ஒருமுறை ஊற்றலாம். ஆனால் மண்ணின் காரத்தை மோரே மாற்றிவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. தளிர்ப் பருவத்தில் வெளுப்பு நீங்காவிட்டால், அன்னபேதி உப்பு 2 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து மாலை நேரத்தில் இலைமேல் தெளிக்கலாம். தெளித்தபின் சில நாள் இலை பறிக்காமலிருந்து, பிறகு நன்றாகக் கழுவிப் பயன்படுத்துக.

கடினமான வேலை

செடிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தோம். ஆனால் அதைவிடக் கடினமான வேலை ஒன்று இருந்தது. காலையும் மாலையும் அச்செடிக்கு நீர் வார்ப்பதுதான் அம்மையாருக்கு அவ்வீட்டில் இருந்த ஒரே வேலை. மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு அலுவலகம் போய்விடுகிறார்கள். பேரன் கல்லூரிக்குப் போகிறான். மொழி தெரியாத ஊர். வழியனுப்பிவிட்டு அவர் நேரே பால்கனிக்குத்தான் வருவார். "இனிமேல் நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அம்மா" என்று சொல்லிவிட்டு வருவது நமக்கு எளிது. ஆனால் ஊரிலிருந்து அவர் காலடியில் வைத்துக் கொண்டுவந்ததை அவருடைய கைதான் கெடுத்தது என்றல்லவா அதற்குப் பொருள்? சகோதரியும் இதை எண்ணித்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஆகவே நீர் வார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வேறொரு பொறுப்பைக் கொடுத்தோம். "அம்மா, தினமும் காலையில் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் நாட்காட்டித் தாளில் 'வேண்டாம்' என்று எழுதுங்கள். உலர்ந்திருந்தால் 'வார்த்தேன்' என்று எழுதி, அடியில் ஒழுகும்வரை வாருங்கள். தட்டில் இறங்கும் நீரைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். செடிக்கு வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை" என்றோம்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து, தொட்டியில் விரலை விட்டு, வெளியே எடுத்துப் பார்த்தார். "உளுந்து அரைக்கும்போது கையால் தொட்டுத்தானே தண்ணீர் தெளிப்போம், அப்படிச் சொல்லு" என்றார். இதைவிடத் தெளிவாக நம்மால் எழுத முடியாது.

மற்ற இல்லத்தாருக்கு

ஒவ்வொரு வீட்டுக்கும் நாம் வர இயலாதாகையால், பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்ளச் சில குறிப்புகள்:

1. அடியில் ஓரிரண்டு இணுக்கு மட்டும் மஞ்சளித்து உதிர்ந்து, மற்றவை செழிப்பாக இருந்தால் அது முதுமை, நோயன்று. ஒன்றும் செய்ய வேண்டா.

2. கீழ் இலைகள் மெத்தென்று மஞ்சளித்து, மண் ஈரமாகவும் தொட்டி கனமாகவும் இருந்தால் நீர் மிகுதி. நீரை நிறுத்துக, துளையைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுக, தட்டை எடுத்துவிடுக.

3. இலை மொறுமொறுப்பாக உலர்ந்து, தொட்டி இலேசாக இருந்தால் நீர்க் குறைவு. மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் வார்க்கும் நீர் அவ்விடுக்கு வழியே ஓடி, வேரை நனையாமல் வெளியேறிவிடும். நாம் வார்த்துவிட்டதாக ஏமாறுவோம். தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, நன்றாக வடியவிடுக.

4. வளரும் பருவத்தில், மண் சரியாக இருந்தும் முதிர்ந்த இலைகள் ஒரு சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. ஒரு பிடி மக்கிய எரு போதும்.

5. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையானால் இரும்புக் குறைவு. இலையின் ஓரமும் நுனியும் தீய்ந்து, மண்மேல் வெள்ளைப் பொருக்கும் இருந்தால் உப்பு மிகுதி. பின்னதற்கு நல்ல நீரை மிகுதியாக வார்த்து, அடியில் வடியவிட்டு உப்பைக் கழுவுக.

6. இலையில் ஊசிமுனை போன்ற வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் கண்டால் அது சிலந்திப்பேன். கோடையின் வறட்சியில் வரும். இலையின் அடிப்புறம் படும்படி நீரைப் பீய்ச்சிச் சில நாள் கழுவுக. நாம் உண்ணும் இலையாதலால் நஞ்சு தெளித்தல் கூடாது.

7. மார்கழி, தையில் வேறு குறி எதுவுமின்றி இலை மஞ்சளித்துக் கொட்டினால் அது குளிர். கிளையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை இருந்தால் உயிர் இருக்கிறது. பிடுங்கி எறிந்துவிட வேண்டா. பங்குனி வரை பொறுத்திருங்கள்.

நீர் வார்க்கும் முறையிலும் ஒரு சொல். நாள்தோறும் ஒரு குவளை என்று நாவை நனைப்பதுபோல் வார்ப்பதால் மேல்மண் மட்டுமே நனையும். அடிவேர் வறண்டே இருக்கும். வார்த்தால் அடியில் ஒழுகும்வரை வார்க்க வேண்டும். அதன்பின் மேல்மண் இரண்டு அங்குலம் உலரும்வரை பொறுக்க வேண்டும். கறிவேப்பிலை விரும்புவது நனைதலும் உலர்தலும் மாறி மாறி வருவதையே. குளிர்காலத்தில் காலை பத்து மணிக்குமேல் வெயிலில் வாருங்கள். சித்திரை பிறந்தபின் அதிகாலையில் வாருங்கள். லூ என்னும் அனற்காற்று வீசும் நாட்களில் மாலையிலும் தேவைப்படலாம். நண்பகலில் மேற்கு வெயில் படாமல் ஒரு துணித்திரை கட்டுங்கள். ஆடி, ஆவணி மழையில் வான்மழையே பெரும்பாலும் போதும். தட்டை மட்டும் அகற்றி வையுங்கள். இத்தனையும் சொன்னாலும், நாட்காட்டியைப் பார்த்து நீர் வாராதீர்கள். விரலைக் கேட்டு வாருங்கள்.

பங்குனித் தளிர்

சென்ற வாரம் மயூர் விஹாருக்கு மீண்டும் போயிருந்தோம். வெட்டிய கிளைகளில் ஒன்று நுனியிலிருந்து காய்ந்துபோய்விட்டது. மற்ற இரண்டின் கணுக்களில் செம்மை கலந்த தளிர் மூன்று இடத்தில் புறப்பட்டிருக்கிறது. நரம்பும் இலையும் ஒரே நிறமாக இருக்கின்றன. செடி பிழைத்துவிட்டது என்று இப்போதே உறுதி கூற மாட்டோம்; ஒரு கோடையைக் கடந்தபின்தான் அதைச் சொல்ல முடியும். அதுவரை ஓர் இலையும் பறிக்கலாகாது என்று சொல்லியிருக்கிறோம். சந்தைக் கட்டில்தான் தாளிக்கிறார்கள்.

அம்மையார் நாட்காட்டித் தாள்களைக் கிழித்து எறியாமல் ஒரு கட்டாக வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். தை மாதத்தில் 'வார்த்தேன்' என்பது மூன்றே தாளில் இருந்தது. மற்றவை எல்லாவற்றிலும் 'வேண்டாம்', 'வேண்டாம்' என்றே நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரும் தம் துளசித் தொட்டியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகிறாராம். "அவளுக்கும் விரலை விட்டுக் காட்டினேன். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது, ஈரம் இரண்டு பேருக்கும் புரிந்தது" என்றார்.

அன்பர்கள் தம் செடியைப் பற்றி எழுதும்போது, எந்த இலை, இலையின் எந்தப் பகுதி, மண் ஈரமா உலர்ந்ததா என்னும் மூன்றையும் தவறாது குறிப்பிட வேண்டுகிறோம். அடுத்த இதழில், கோடைக்குமுன் துளசிக்குச் செய்ய வேண்டிய பாதுகாப்பைப் பற்றி எழுதுவோம்.